பத்துப் போத்தல்

எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாச் சென்ட்.
கறுப்புப் போத்தல், வெள்ளி மூடி.
பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு மேலே காலுறைக்குள்
சொருகியிருக்கிறான் பவிஷன்.
ஹட்டனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுப்பர்மார்க்கட்டில்,
மூன்றாவது கமராவுக்குத் தெரிந்திருக்கிறது.

போன் வந்தபோது நான் வெள்ளவத்தையில்
ஒரு துணிக்கடை வாசலில் நின்றிருந்தேன்,
நீல யூனிபோமில்,
போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க.
அதற்குத்தான் சம்பளம்.

"ஒன்றுக்குப் பத்து" என்றார் நிலந்த மாத்தையா.
"கட்டினால் பொலிஸ் இல்லை,
ஸ்கூலுக்குச் சொல்வதில்லை,
படம் ஒட்டுவதில்லை."
எனக்கு அது மனப்பாடம்.
எங்கள் கடையிலும் இதே வரிசைதான்.
போன தீபாவளிச் சனத்துக்குள்
ஒரு பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
நானே சொல்லியிருக்கிறேன்
அவள் அப்பா வரும்வரை.
அவர் மீன் விற்கிறவர். கை கழுவாமல் ஓடி வந்திருந்தார்.
நோட்டை எண்ணும்போது காசாளர் மூக்கைச் சுளித்தது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இரவு பஸ் ஏறி விடிய இறங்கினேன்.
அம்மா அன்று பெரட்டுக்குப் போகவில்லை. ஒரு பேர் போச்சு.
கையில் கடிதம், சிங்களத்தில்.
கீழே அவள் கையெழுத்து.
போட்ட பிறகு கேட்கிறாள்,
என்ன எழுதியிருக்கு என்று.

"ஏழு நாளைக்குள்ள எட்டாயிரத்துத் தொளாயிரம்."
"சாமானத் திருப்பிக் குடுத்துட்டானே?"
"குடுத்துட்டான்."
"ஒடையலியே?"
"மூடிகூடத் தொறக்கல."
"அப்ப அவுங்களுக்கு நட்டம் எவ்வளவு?"

எனக்குக் கடைக்காரன் பதில்தான் வந்தது:
கமராச் செலவு, காவல்காரன் செலவு...
காவல்காரன் என்றதும் நிறுத்திக்கொண்டேன்.

அவள் தன்பாட்டுக்கு ஒரு கணக்குச் சொன்னாள்.
தராசில் சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ஒண்ணு,
நாளைக்கு மூணு,
பத்தொன்பது வருசம்.
"அதப் பத்தால பெருக்கத் தெரியுமா ஒனக்கு?"
போனை எடுத்தேன்.
"வேணாம். காசத் தேடு" என்றாள்,
காதிலிருந்து தோட்டைத் திருகியபடி.

அடகுக் கடையில் கேட்காமலே துண்டு தந்தார்கள்.
சுப்பர்மார்க்கட்டில் கேட்க வேண்டியிருந்தது.
பில்லா? என்று மாத்தையா கவுண்டர் பிள்ளையைப் பார்த்தார்.
கம்ப்யூட்டரில் தண்டத்துக்குப் பட்டன் இல்லை.
அவள் போய்த் தட்டிலிருந்து
அதே போத்தலை எடுத்து வந்து
சிவப்பு வெளிச்சத்தில் பத்துத் தடவை காட்டினாள்.
ஒவ்வொரு பீப்பும் பால்மா அலுமாரி வரைக்கும் கேட்டது.
எட்டாவது விழவில்லை.
முந்தானையால் துடைத்து மறுபடி காட்டினாள்.
பவிஷன் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

"பொயின்ட்ஸ் கார்ட் இருக்கா?"
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பிறகு போத்தலைக் கொண்டுபோய்
பெயர் முன்னால் தெரிகிற மாதிரி
இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பில்லின் அடியில் மூன்று மொழியிலும்
நன்றி, மீண்டும் வருக.

வெளியே தூறல்.
டிக்கோயா பஸ் இன்னும் வரவில்லை.
அவன் பில்லை வாங்கினான்,
மடித்தான், விரித்தான், மடித்தான்.
"அண்ணே,
பத்துப் போத்தல் எவ்வளவு நாளைக்கு வரும்?"

அறையக் கை எழும்பியது.
பாதியில் அதைத் தலை சொறிய விட்டேன்.
"ஒண்ணு ரெண்டு மாசம் வரும்."
"அப்ப இருபது மாசம்."
"ஓ.எல். முடிஞ்சிரும்."
"ம்."

ஈரச் சட்டையும் வியர்வையுமாக
பக்கத்தில் நின்றான்.
பஸ் வந்தது.
மிதிபலகையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.