சில்லறை பிடிக்கிற கை

வெள்ளை உடுப்பைத்தான் முதலில் வாங்கினேன்.
லாங்கு பஜாரில், எண்ணூற்றைம்பது சொன்னதை
எழுநூறுக்குப் பேசி.
இரண்டாம் நாள் காலைத் தூக்கியதும்
தொடைத் தையல் விட்டது.
முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பாமலே சிரித்தார்கள்;
தோள் குலுங்கியதில் தெரிந்தது.

கராத்தே வகுப்பு சத்துவாச்சாரியில்,
டயர்க் கடைக்கு மேலே மொட்டை மாடியில்.
விடிகாலை ஐந்தரைக்கும்
நேற்றைய வெயிலை விட்டிருக்காது சிமெண்டுத் தரை.
மாஸ்டர் கெசியாவுக்கு இருபத்துமூன்று வயது.
எனக்கு முப்பத்தொன்பது.
என் ஜோடி இர்ஃபான், நான்காம் வகுப்பு,
என்னைவிட மூன்று மாதம் சீனியர்.

மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினேன்,
கிணற்றில் முங்குகிறவன்போல.
பத்தாவது குத்தில் கண்ணில் பூச்சி பறந்தது.
"மூச்ச வுடுங்கண்ணா,
யாரும் திருடிக்கினு போவ மாட்டாங்க."

காலையே பார்த்துக்கொண்டு நகர்ந்தேன்.
இர்ஃபான் நெஞ்சில் இரண்டு வைத்துவிட்டு
"சாரி அங்கிள்" என்றான்.
நானும் சாரி என்றேன், எதற்கென்று தெரியாமல்.

முட்டியை விறைத்து நின்றேன்.
ஒரே விரலால் தோளைத் தொட்டாள்;
ஸ்டாண்டு போடாத சைக்கிளாய்ச் சாய்ந்தேன்.
நான் பதினாறு வருஷம்
வேலூர் ஆற்காடு டவுன் பஸ்ஸில்
கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன்.
டிரைவர் ஏகாம்பரம் பெருமுகையில் போடும் பிரேக்கில்
தோள்பை ஒரு பக்கம் ஆட
எழுபது பேருக்கு டிக்கெட் கிழிக்கிறவன்.
அங்கே முட்டி தானாக மடங்குகிறது.
இங்கே, கற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்ததும்
மரமாகிவிட்டது.

இதெல்லாம் வெளியே தெரிந்த தப்பு.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
தினமும் மாடிப்படி ஏறும்போது
ஒரு முகத்தையும் கூட்டிக்கொண்டு போனேன்.
சித்திரையில் பூட்டுத்தாக்கில் ஏறியவன்,
இரண்டு ரூபாய் மீதிக்காக
பஸ்ஸே பார்க்க என் கன்னத்தில் வைத்தவன்.
கட்டம் போட்ட சட்டை. மோவாயில் தழும்பு.
மணல்மூட்டை தொங்கிய இடத்தில்
எனக்கு அந்த மோவாய்தான் தொங்கியது.
பிள்ளைகள் முப்பது குத்தினால் நான் நூறு.
நிறுத்து என்ற பிறகும் ஒன்று.

அந்த ஒன்றில்தான் போயிற்று.
கட்டைவிரலை உள்ளே மடக்கியிருந்தேன்.
வெளியே வை என்று முதல் நாளே சொன்னாள்.
கை கேட்டால்தானே.
சில்லறை பிடித்துப் பழகிய கை,
மூடினாலே எதையோ காப்பாற்றத்தான் மூடும்.
மளுக்கென்றது.
ஆஸ்பத்திரியில் டோக்கன் நூற்றுப் பதினெட்டு.
எலும்பு இல்லை, ஜவ்வுதான் என்றார்கள்.
மூன்று வாரக் கட்டு.

கெசியா திட்டவில்லை.
"யார அடிச்சீங்க?" என்றாள்.
மூட்டையை.
"மூட்ட இன்னா பண்ணுச்சு ஒங்கள?"

ஆடி வெள்ளி. கால் வைக்க இடமில்லை.
பூட்டுத்தாக்கில் ஏறினான்.
வெறும் வெள்ளைச் சட்டை, தழும்பு அதேதான்.
இடுப்பில் மூக்கொழுகும் பெண்குழந்தை.
என்னை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை.
அறையைவிட அது வலித்தது.

என் முட்டி மடங்கியிருந்தது.
மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.
கண் காலைப் பார்க்கவில்லை.
கெசியா இருந்தால் தலையாட்டியிருப்பாள்.

"ஆற்காடு ஒண்ணு."
இருபது ரூபாய் நோட்டு.
கட்டுப்போட்ட விரலால் கிழிக்கிறேன், வரவில்லை.
மறுபடி இழுத்தால் நான்கு சேர்ந்து வருகிறது.
"குட்ங்கண்ணா" என்று புத்தகத்தை வாங்கித்
தனக்கு ஒன்றைத் தானே கிழித்துக்கொண்டு
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தான்.
"கைக்கு இன்னா ஆச்சு?"

விழுந்துட்டேன் என்றேன்.

மீதி இரண்டு ரூபாய் தரவேண்டும்.
பையில் இருந்தது, விரலில் பட்டது.
தேடுகிறவன்போல
கையை உள்ளேயே வைத்திருந்தேன்.
நான்கு விரலும் மடங்கியிருக்க
கட்டைவிரல் மட்டும் துணிக்கட்டோடு வெளியே நின்றது.
குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேல்விஷாரம் வந்துவிட்டது.