மூன்றாம் வாசகம்

பெரிய சனி இரவு.
மாங்குளம் கோயிலில் கரண்ட் இருந்தும்
எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.
எனக்குத் தந்தது மூன்றாம் வாசகம்,
கடல் பிளக்கிற பகுதி.
"உமக்குத்தான் குரல் கணீரென்று" என்றார் ஃபாதர் அமலசீலன்.
குரல் அப்படி ஆனது அம்பகாமம் காட்டில்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து
இருபத்தைந்து மீற்றர் தள்ளி நிற்கும் ஜெனிற்றாவுக்கு
"மிதிவெடி" என்று கத்திக் கத்தி.

ஒத்திகையில் ஃபாதர் நிறையச் சொன்னார்.
இந்தக் கதை முதலில் எங்களுடையதில்லை,
யூதர்களுடையது.
செங்கல் அறுத்த அடிமைகள்.
உருவமில்லாத ஒரே கடவுள்.
அவர் பெயரை உரக்கச் சொல்லக் கூசுகிற வாய்கள்.
யேசுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான்;
பிடிபட்ட இரவில் அவர் பிட்டதும்
அந்தப் பழைய விருந்தின் அப்பம்தான்.
பிறகு வீடு இரண்டாகி
இளையவன் மூத்தவனுக்குச் செய்ததெல்லாம்...
அதைச் சொல்ல வந்து
ஃபாதர் கண்ணாடியைத் துடைத்தார்.

எரியும் முட்செடிக்கு முன்னால்
செருப்பைக் கழற்று, இது புனித நிலம் என்று
ஓர் இடையனுக்குச் சொல்லப்பட்டதாம்.
எங்கள் மேற்பார்வையாளர் சொல்வது வேறு:
சப்பாத்து நாடாவை இன்னொருக்கால் பார்.
பார்த்துவிட்டு முழந்தாளில் நின்று
முட்செடியை விரலளவு விரலளவாய் நறுக்குவோம்.
மண்ணை இவ்வளவு பயத்தோடு
எந்தத் தவசியும் தொட்டிருக்கமாட்டான்.

நிலையில் இரத்தம் பூசிய வீட்டைச்
சாவு கடந்து போனதாம்.
இங்கே தலை சிவந்த கட்டை நட்டிருந்தால்
சாவு உள்ளே இருக்கிறது.

"பாஸ்கா என்றால் கடத்தல்" என்றார் ஃபாதர்.
பீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்த பவுலினக்கா
திரும்பிப் பார்த்தா.
வெள்ளை வான் வந்த நாளிலிருந்து
அவவுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான்.
"கடந்து போதல்" என்று ஃபாதர் அவசரமாய்த் திருத்தினார்.
"கடந்து போதல்."

புளியாத அப்பம் மட்டும் எனக்கு உடனே விளங்கியது.
மா புளிக்க நேரமில்லாமல் ஓடினவர்கள்.
மாத்தளனில் அம்மாவும் அப்படித்தான் ரொட்டி சுட்டா,
உப்பில்லை, தேங்காய்ப்பூ இல்லை,
மற்றப் பக்கம் வேக முந்தி பங்கருக்குள்.
ஞாயிறுகளில் நன்மை நாக்கில் ஒட்டும்போது
அதே ருசி.

வட்டுவாகலில் தண்ணீர் பிளக்கவில்லை.
அம்மாவுக்கு இடுப்பளவு, எனக்கு நெஞ்சளவு.
பதினொரு வயது.
நாலு பேர் இறங்கினோம்.
கரையில் நின்று எண்ணினால் மூன்று.
திரும்ப எண்ணினோம்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்தேன்.
தேர்ச் சக்கரங்கள் சேற்றில் புதைகிற இடம்வரை
குரல் சரியாகத்தான் இருந்தது.
பிறகு அந்த இடம் வந்தது:
விடிய, கரையில் ஒதுங்கிக் கிடந்தவர்கள்.
எதிரிகள்தான். தெரியும்.
ஆனால் கரை ஒதுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.
முகம் மணலுக்குள் இருந்தால்
எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது.

யாரோ இருமினார்கள்.
உருகிய மெழுகு விரலில் விழுந்தது.
வாசித்து முடித்தேன்.
அடுத்தது வெற்றிப் பாட்டு;
பாடகர் குழு எழும்பியது, ஆர்மோனியம் எழும்பியது.
நான் வாயைத் திறக்கவில்லை.

யூத வீடுகளில், இதே நிலவு நாட்களில்,
விருந்துக் கிண்ணத்தில் விரல் தோய்த்து
திராட்சை இரசத்தைத் துளி துளியாய்ச் சிந்துவார்களாம்.
எதிரியும் செத்திருக்கிறான்,
சந்தோசம் கொஞ்சம் குறையட்டும் என்று.
ஃபாதர் இதைச் சொன்னது கடைசியில்,
மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே,
பாதி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை என் ஒழுங்கையில்
பதினாலு சென்ரிமீற்றர் ஆழத்தில்
ஒரு சப்பாத்து வந்தது.
உள்ளே விரலெலும்புகள், வரிசை குலையாமல்.
விசில் ஊதினேன். வேலை நின்றது.
எந்தப் பக்கத்துச் சப்பாத்து என்று
ஜெனிற்றா குனிந்து அடியைப் பார்த்தாள்.
நான் பார்க்கவில்லை.

தேநீர் வந்தது.
ஃபிளாஸ்க் மூடியிலிருந்து கொஞ்சம்
மண்ணில் சிந்தியது.
கை நடுங்கினதால்தான் என்று
ஜெனிற்றாவிடம் சொன்னேன்.