கவாத்துக்குத் தப்பியது

உச்சியிலிருந்து எண்ணச் சொன்னார் பட்டுத்துறைக்காரர்.
சுருண்டது ஒன்று,
விரிந்தும் விரியாதது ஒன்று,
மூன்றாவது வெயிலில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும்:
இளம்புழுவுக்கு அது.
அன்றிலிருந்து
எதையும் மூன்றுவரை எண்ணாமல் கிள்ளுவதில்லை நான்.

கிள்ளினால் பால்.
காம்பின் வாயில் வெள்ளையாய் ஒரு சொட்டு.
கட்டைவிரலில் அது காய்ந்து கறுத்துக் கறுத்து
ரேஷன் கடை எந்திரம்
என் ரேகையை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.
"நீங்கதானுங்களா இது?" என்கிறான் பையன்.
நான்தான்.
உடுமலைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவே
இரண்டு ஏக்கர் மல்பெரி.

அடியிலேயே நரம்பு மூன்றாய்ப் பிரியும் இதன் இலையில்,
ஈரமண்ணில் கோழி மிதித்துப் போனதுபோல.
ஓரமெல்லாம் கருக்கரிவாள் பல்.
ஒன்று இடம், அடுத்தது வலம் என்று
தண்டில் மாறி மாறி ஏறும், எதிரெதிரே நிற்காது.
நிற்பதெல்லாம் பங்காளிகள் நாங்கள்தான்,
வாய்க்கால் தண்ணீர் முறைக்கு
வரப்பின் இருபுறமும்.

ஒவ்வொரு காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு
உறங்கிக்கொண்டிருக்கும்.
மேலே வெட்டு விழுந்த பிறகுதான் கண்விழிக்கும்.
பட்டையில் வெளிர்ப்புள்ளிகள்;
அதன் வழியாக மூச்சு விடுகிறதாம்.
உரித்தால் நார்நாராய் வரும்.
கயிறு மறந்துபோன ஒரு நாள்
கத்தையை அதன் தோலாலேயே கட்டினேன்.
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வேரைப் பார்த்தது
குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்த அன்று.
வரப்போரம் ஆறடிப் பள்ளம்,
அதன் சுவரில் தொங்கின என் செடிகளின் வேர்கள்.
மஞ்சள். அப்படியொரு மஞ்சள்.
ஈரோட்டுச் சந்தையில் குவித்திருந்தால்
விலை கேட்டிருப்பார்கள்.
மேலே என் இடுப்பைத் தாண்ட விடாத ஒன்று
கீழே யாரையும் கேட்காமல்
என்னைவிட உயரமாகியிருந்தது.
டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து
அறுத்துக்கொண்டே போனார்.

அறுபது நாளுக்கொரு கவாத்து.
தரையிலிருந்து ஒரு சாண் விட்டு,
பட்டை கிழியாமல்.
பூத்தாலும் எவரும் பார்ப்பதில்லை;
பச்சைக்காயோடு புழுத்தட்டுக்குப் போய்விடும்.

மோட்டார் அறைக்குப் பின்னால்
ஒன்று மட்டும் தப்பியிருந்தது.
நடவன்று மயிலாத்தாள் தலைகீழாய்க் குத்திய கரணை.
எந்தக் கட்டில் கலந்து வந்த நாட்டுக் குச்சியோ.
மூன்று மொட்டும் மண்ணைப் பார்த்திருந்தன.
"மொளைக்காதுங்கக்கா, அப்பறமாப் புடுங்கிக்கலாம்" என்றாள்,
மறந்தாள்.
நானும்தான்.
முளை கீழ்நோக்கிக் கிளம்பி,
பாதியில் சந்தேகப்பட்டு,
வளைந்து மேலே வந்திருக்கிறது.
தூண்டில் முள்ளைப் போல அந்த வளைவு
அடித்தண்டில் இன்னும் இருக்கிறது.

நான்கு ஆடிக்காற்று தாங்கி
இப்போது அறையின் ஓட்டைத் தாண்டிவிட்டது.
ஒரே கிளையில்
சில இலை முழுசு, சிலது விரல் விரித்தது,
ஒன்று ஒருபக்கம் மட்டும் பிளந்து கையுறை போல.
எப்படி இருக்கவேண்டும் என்று
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

தை முடிவில் பூத்தது.
பூவென்று நம்பமுடியவில்லை:
பச்சையாய், வெண்மயிர் சிலிர்த்து,
புழுவைப் போலவே தொங்கியது,
தன்னைத் தின்ன வருவதன் உருவத்தை
ஒருமுறை போட்டுப் பார்ப்பதுபோல.
பிறகு ஒவ்வொரு பொடிப்பூவும் தனித்தனியே உப்பி
ஒன்றையொன்று முட்டி
இடமில்லாமல் ஒட்டிக்கொண்டதைத்தான்
பழம் என்கிறோம்.
சிவந்தது. கறுத்தது.

ஐந்தாம் பருவத்துப் புழு
கொட்டகைக்குள் மழைபோல் தின்றுகொண்டிருந்த மதியம்,
இலை பத்தவில்லை.
கத்தரியோடு வந்து நின்றாள் மயிலாத்தாள்.
"இதையும் வெட்டிரட்டுங்களாக்கா?
ரெண்டு தட்டுக்கு ஆகும்."

வாய் நிறையப் பழம் எனக்கு.
கையை மட்டும் ஆட்டினேன்.
என் கறுத்த விரல்களில் ஊதா வழிவதைப்
பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.
எப்படிப் புரிந்துகொண்டாளோ,
கத்தரிச் சத்தம் அடுத்த வரிசைக்குப் போனது.