நம்ம அழுக்கு

பெருங்காய டப்பா மூடியில்
நடுவிரலால் இரண்டு தட்டு,
பிறகு மூடி கழலும் ‘பக்’.
விளம்பரம் என்பது அவ்வளவுதான்.
மிச்சம் இருபத்தாறு விநாடி பேச்சு.

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜமுக்காளம் தொங்கும் ஜன்னலோரம்
பதினோரு வருஷத்துக்கு முன் பதிந்தேன்.
விரல் என்னுடையது.
டப்பா இப்போது பிளாஸ்டிக்,
தட்டினால் பொத்தென்று விழும், ‘பக்’ கிடையாது.
யாரும் கேட்கவில்லை.

ஓணத்துக்குச் செண்டை வைக்கச் சொன்னார்கள்.
பொங்கலுக்கு நாயனம்.
புதிதாய்ச் சேர்ந்த நவநீதன்
“கொஞ்சம் யூத்தா இருக்கட்டும்க்கா” என்றான்.
மைதீன் பிச்சை முதலாளி
பேரேட்டிலிருந்து தலை தூக்காமல்,
“லேபிள மாத்து, ஆள மாத்து,
பச்சைய மஞ்சளாக்கு.
தட்டுல மட்டும் கை வைக்காத.”

கை வைத்தவள் நான்தான்.

அந்தப் ‘பக்’கின் வாலில்
அரை விநாடி
ஒரு ஹாரன் ஒட்டிக்கொண்டிருந்தது.
அன்றைக்கு ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிய புனலூர் வண்டி.
சோற்றுக் கல்லாய்ப் பதினோரு வருஷம்
என் பல்லில் மட்டும் நெறிபட்டது.
புது சாஃப்ட்வேர் வந்த இரவில்
பூத்தொடுப்பவள் காம்பு கிள்ளுவதுபோல
கிள்ளிப் போட்டேன்.
திருநெல்வேலிக்கு ஒன்று, கொல்லத்துக்கு ஒன்று
சுத்தமாய் அனுப்பினேன்.
சொல்லவில்லை யாரிடமும்.

மூன்றாம் வாரம்
கொல்லம் ஏஜென்ட் குஞ்ஞுமோன்:
“சேச்சி, நம்முடெ பரஸ்யம் நிர்த்தியோ?”
நிறுத்தவில்லை, நாளுக்கு ஒன்பது முறை போகிறது.
கடையநல்லூரில் ஓர் அம்மா
வாங்கிய டப்பாவைத் திருப்பித் தந்தாளாம்,
ரேடியோவில் வருவது டூப்ளிகேட் கம்பெனி என்று.

முதலாளி கூப்பிட்டார்.
“என்னத்த எடுத்த?”
“அழுக்கத்தான் எடுத்தேன்.”
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
“அது நம்ம அழுக்குல்லா.”

பழைய பென்டிரைவைத் தேடி
மேசை இழுப்பறை மூன்றையும் கவிழ்த்தேன்.
கிடைத்தது, தீப்பெட்டிக்குள்.

பிறகொரு நாள் ஆரியங்காவுக்கு ஷேர் ஜீப்பில் போனேன்.
புளியரை தாண்டி
எஸ் வளைவில் ஏறும்போது
திருநெல்வேலி இரைய, கொல்லம் இடையில் புக,
ரேடியோவில் இரண்டு ஊரும் ஒரே வாயில் பேசின.
இசக்கியம்மாளின் ‘வாசம்’ பாதி,
லிஸியின் ‘மணம்’ பாதி.
ஒரு சொல்லும் தேறவில்லை.
இரைச்சலுக்குள்ளிருந்து
டொக். டொக்.
பக்.
வாலில் அந்த வண்டி.

டிரைவர் தன் பாட்டுக்கு
வளைவில் ஹாரனை அமுக்கினார்.
மடியில் பலாப்பழத்தோடு இருந்தவர்
கைக்கடிகாரமில்லாத மணிக்கட்டைச் சொறிந்தபடி
சொன்னார்:
“எட்டேகால் ஆயிருச்சு.”

பெருங்காயம் என்று
யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.