துணி முப்பத்தஞ்சு

வெள்ளை தனி, கலர் தனி, லைக்ரா தனி.
பனியன் வேஸ்ட் பிரிக்கிறவளுக்குக்
கண் வேண்டாம், விரல் போதும்.
பிபின் அவிழ்த்த மூன்றாவது மூட்டையில்
ஆரஞ்சுத் துணுக்கு ஒன்று
விரலில் ஒட்டிக்கொண்டு தும்மியது.

எந்தக் குவியலிலும் சேராது.
சேலைக்கு மேல் மாட்டியிருந்த
வீட்டுக்காரர் சட்டைப் பையில் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் இடமில்லை என்பது
மங்கலம் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும்.
லாரிக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு
மூன்றோடு திரும்பிய மிலிட்டரி.
தையல் மிஷின் மூடிமேல்தான்
முட்டை வைப்பேன் என்கிற கோழி.
நோம்பிக்கு வாங்கி
வெட்ட மனசு வராமல் போன கிடாய்.
புடக்காளி முழுக்க மேற்பார்வை பார்க்கும்
எம்டி என்கிற வான்கோழி.
பூனையும் உண்டு, கணக்குப்பிள்ளை.
அட்டாலியை விட்டு இறங்காது,
யாரையும் பிடிக்காது.

"ஒறம்பரை வந்திருக்குதுங்" என்றேன்.
செருப்பைக் கழற்றாமலே கேட்டார் நாச்சிமுத்து,
"எத்தன நாளைக்கு?"
பத்து நாள்.
தேறினா செக்கிங் ரெஹானாக்கா எடுத்துக்குவாங்க.
அந்தத் 'தேறினா'வை
அவரும் கேட்டார், நானும் கேட்டேன்.

கண்ணிரண்டும் சீழ் காய்ந்து
ஓவர்லாக் அடித்த மாதிரி,
ஊசி நுழைய இடைவெளி இல்லை.
சினை பார்க்க வந்த எருமைக்குப் பின்னால் நின்று
டாக்டர் ஷகிலாவிடம் காட்டினால்
முதல் கேள்வி, எடை என்ன?

கிட்டுசாமி மளிகைத் தராசில்
துணியோடு இருநூற்று அஞ்சு.
துணி முப்பத்தஞ்சு.
கழித்தால் நூற்று எழுபது கிராம் உயிர்.
எங்கள் பற்று நோட்டில்
சர்க்கரைக்கும் கடலை எண்ணெய்க்கும் நடுவே
'பூனை 170' என்று எழுதிக்கொண்டார்.

இன்னொரு பூனையை அண்ட விடாதீங்க, தொத்தும்.
அதனால் பாத்ரூம் அதற்கு.
நாங்கள் விடியுமுன்னே
எம்டி வேடிக்கை பார்க்கக் குளித்தோம்.
மருந்துச் சீட்டைக் கிடாய் தின்றது.
மறுபடியும் போனேன்,
மறுபடியும் எருமை.

மூன்று மணி நேரத்துக்கு நாலு மில்லி.
கடைவாயில் சிரிஞ்சு. ஒரு சொட்டு. நிறுத்து.
தொண்டை அசைகிறதா பார்.
மூக்கடைத்த பூனைக்குத் தீனி மணக்காதாம்,
மணக்காததைத் தொடாதாம்.
நெத்திலி கொதித்த போசியை மூக்கருகே பிடித்தேன்.
வாசலுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள்,
அட்டாலியிலிருந்து ஒரு தலைகூட.
வர வேண்டியது மட்டும்
வரவில்லை.

நாலாம் நாள் நூற்று ஐம்பத்தெட்டு.
எழுதாமல் பேனாவை மூடினார் கிட்டுசாமி.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
சுடுதண்ணீர் பாட்டில் ஆறியது.
"போறதுன்னா போயிரு,
காத்தால எனக்கு ஷிப்ட்டு" என்றேன்.
சொன்னேன், இருட்டில்,
வேறு யாரும் கேட்கவில்லை.
கதவடி இடுக்கில் ஒரு மூச்சு
புஸ்ஸென்று உள்ளே வந்து போய் வந்தது.
மிலிட்டரி.
அந்தச் சூட்டை நோக்கி
ஒரு விரற்கடை நகர்ந்தது துணுக்கு.

நாய்க்குத் தொத்தாது.
கதவைத் திறந்துவிட்டேன்.

மூன்று நாள் பஞ்சும் வெந்நீருமாக
நான் பிரிக்க முடியாத தையலை
நக்கி நக்கியே பிரித்தது.
விடியும்போது ஒரு கண் திறந்திருந்தது.
மற்றது பால் திரிந்தது போல அப்படியே நின்றுவிட்டது.
திறந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது
ஈரமான ஒரு கறுப்பு மூக்கு.
அதைப் பார்த்துச் சீறியது.
நான் சிரித்த சத்தத்தில்
எம்டி கத்தியது.

பதிமூன்றாம் நாள் ரெஹானாக்கா
ஸ்கூட்டியில் கூடையோடு வந்தார்கள்.
இடது பக்கம் தெரியாதுங், வலப்பக்கமா வட்டல் வைங்க.
சிரிஞ்சும் கொடுத்தனுப்பினேன்.
தண்ணி டேங்க் வரைக்கும்
மூன்று காலில் பின்னால் ஓடிய மிலிட்டரி
திரும்பி வந்து
தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.
நாச்சிமுத்து பாத்ரூமில்
வெகுநேரம் குளித்தார்.

சனிக்கிழமை பற்று தீர்க்கப் போனேன்.
பைக்குள்ளே அந்தத் துணி.
சும்மாதான் தராசில் வைத்தேன்.
முப்பத்தெட்டு.
"மூணு கிராம் எச்சா காட்டுதே"
கிட்டுசாமி பட்டனை அழுத்தப் போனார்.

கழிக்க வேண்டாங்,
இருக்கட்டும்.