நல்ல தண்ணி

சௌடேஸ்வரி, இருபத்தாறு, இடது கண்.
சீட்டில் அவ்வளவுதான் இருந்தது.
கருவிழியில் சுரண்டியதைத் தேய்த்த கண்ணாடித் தகடு
சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்தது.

கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.
திருப்பூர். பனியன் கம்பெனி. செக்கிங்.
ஊசி போட்ட ஓட்டை, எண்ணெய்ப் பொட்டு,
விட்டுப்போன ஒற்றைத் தையல்
எதுவும் அவளிடம் தப்பாதாம்.
குனிஞ்சே நிக்கறமுங்க, கண்ணாடி வழுக்கி
பீஸ் மேல உழுகுது. அதான் லென்ஸு.

எந்தத் தண்ணியில கழுவுவீங்க?

உப்புத் தண்ணியிலயெல்லாம் கழுவ மாட்டனுங்க.
நல்ல தண்ணிதானுங்.

எங்கள் பக்கம் நல்ல தண்ணி என்றால்
ஒன்பது நாளைக்கு ஒருக்கா வருவது.
சண்டை போட்டுப் பிடிப்பது. மூடி வைப்பது.
வந்தவர்களுக்கு முதலில் நீட்டுவது.
அதைப் போய் எப்படிச் சந்தேகிப்பது?

மூன்று வாரம் வைரஸ் என்று சொட்டு விட்டிருக்கிறார்கள்.
உறுத்துதா, எரியுதா?
கண்ணுக்குள்ள ஆரோ
ஓவர்லாக் ஓட்டறாங்க, என்றாள்.

சாயம் ஊற்றி, அறையை இருட்டாக்கினேன்.
நீலமாய் எரிந்தன
இரட்டைச் சுவர் வீடுகள்,
வெளிச்சுவர் சுருங்கி, உள்சுவர் மூலை வைத்து.
உள்ளே ஒன்று
கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது.
குளோரினுக்கு எழாது.
காய்ந்தால் வருசக்கணக்கில் காத்திருக்கும்.

அமீபா.
பள்ளிக்கூடத்தில் நான் வரைந்ததில்
கோடு எப்படிப் போனாலும்
டீச்சர் சரி போட்ட ஒரே படம்.

அதற்கு யாரோடும் பகை கிடையாது.
டேங்கின் அடிவண்டலில்
பாக்டீரியா மேய்ந்துகொண்டு
தானுண்டு என்று இருந்தது.
லென்ஸுக்கும் விழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.
பசித்தது.

இரண்டாம் நாள் வளர்ப்புத் தட்டைத்
தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
பூசிவிட்ட பாக்டீரியாப் படலத்தில்
கோடு கோடாய்த் தடம்,
கொறங்காட்டில் செம்மறி மேய்ந்து போனது போல.

மணிக்கு ஒரு சொட்டு, ராத்திரியும்.
கூடத் தங்கியிருக்கும் சிங்கர் டெய்லர் பொண்ணு
போனில் இருபத்துநாலு அலாரம் வைத்திருக்கிறாள்.
மறுபடி செக்கிங் போலாமுங்களா? என்று
என்னைக் கேட்டாள் சௌடேஸ்வரி.
டாக்டரைக் கேட்க வேண்டியதை.
தகட்டில் ஒட்டிய நம்பரைத்
திரும்பவும் சரிபார்த்தேன் நான்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் வீதியில் முறை.
எல்லாக் குடமும் நிரம்பியிருந்தன.
ஒரு சொம்பு மோந்து குடித்தேன்,
குடித்தால் ஒன்றும் செய்யாது, தெரியும்.

முகம் கழுவக் குனிந்தபோதுதான்
கண்ணை
இறுக்க மூடிக்கொண்டேன்.