பலகைச் சுவர்

பீடோரில் எங்கள் வரிசைக் கடைகளுக்கு நடுவே
செங்கல் கிடையாது. பலகைதான்.
இந்தப் பக்கம் என் மிளகாய் மில்,
அந்தப் பக்கம் சூங்கின் இரும்புப் பட்டறை.
பதினோரு வருடம்
அவன் புகையில் என் மல்லித்தூள் கொஞ்சம் கறுத்தது,
என் நெடியில் தும்மித் தும்மி
அவன் வெல்டிங் கோடு ஒன்றும் நேராக விழவில்லை.

செம்பனை உதிர்ப்பழத்தை
மண்ணும் சருகுமாக அள்ளிக் கொடுத்தால்
ஆலைக்காரன் எடையில் கழிக்கிறான் என்று
குத்தகைக்காரர் பச்சையப்பன் புலம்பிய நாள்,
சூங் வேலையை நிறுத்தினான்.
சுவருக்கு இப்பால் என் சல்லடை
டக்கு டக்கு டக்கு.
பலகையில் காது வைத்துக் கேட்டான்.
அப்புறம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து
அதன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் சலிக்கும் இயந்திரம்.
பாதிக்குப் பாதி. பத்திரம் எழுதவில்லை.

நாற்பது விற்றதும் வங்கி சிரித்தது.
ஈப்போ தொழிற்பேட்டைக்குப் போனான்:
உயரக் கூரை, குளிரறை,
எழுதி அழிக்க வெள்ளைப் பலகை.
"ஐம்பது கிலோமீட்டர்தானே, குணவதி?
கைப்பேசி இருக்கே."

இருக்கிறது.
செவ்வாய்தோறும் பத்து மணிக்குத் திரையில் அவன் முகம்.
மழைக்காலத்தில் ஈரச் சருகு கண்களை அடைக்கிறது;
எட்டு வாரமாக அதே பேச்சு.
ஒரு நாள் சல்லடையை ஓடவிட்டுக்
கைப்பேசியை அதன்மேல் நீட்டினேன்.
"கேள்."
"எதை?" என்றான்.
நல்ல கைப்பேசி. விலை அதிகம்.
இரைச்சலை எல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு
என் குரலை மட்டும்
கழுவித் துடைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

பஸ் ஏறியும் போனேன், இரண்டு முறை.
காவலாளி பெயர் எழுதச் சொன்னான்.
வந்த காரணம் என்று ஒரு கட்டம்.
சும்மா என்று எழுதினேன்.
சும்மாவுக்கு உள்ளே இடமில்லையாம்.

பட்டறை காலியாக இருந்து இப்போது
நூராய்னி வந்திருக்கிறாள், கைப்பேசி பழுதுபார்க்க.
நேற்றுச் சாயங்காலம் பலகையைத் தட்டினாள்.
அதிர்கிறது என்று சண்டைக்குத்தான் என்று
நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.
கையில் ஒரு தகரத் தட்டு.
"காக், உங்கள் மில் ஓடும்போது
என் திருகாணிகளைப் பாருங்கள்.
சின்னது இந்த மூலை, பெரியது அந்த மூலை,
தானாகப் பிரிகிறது. ஏன்?"

எனக்கும் தெரியவில்லை.
மில்லை நிறுத்தாமல்
தட்டை வாங்கிச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன்.
இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள் என்றாள்.
சாய்த்தேன்.